புல்மோட்டை மணலும் கண்ணிமைக்கும் முன் சிதையும் கருக்களும்

திருகோணமலையில் இருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே போனால் புல்மோட்டை. அங்கே கரையில் கிடக்கும் மணல் கறுப்பு. ஒரு கை அள்ளினாலே மற்ற மணலை விடப் பாரம் என்று தெரியும். உள்நாட்டுப் பாறைகள் காலங்காலமாக உக்கி, ஆறுகள் அவற்றைக் கடலுக்குக் கொண்டுவந்து, அலை இலேசான மணிகளை இழுத்துக்கொண்டு பாரமானவற்றைக் கரையில் விட்டுப் போனதால் சேர்ந்த மணல் அது. பெரும்பகுதி இல்மனைட். கூடவே ரூட்டைல், சேர்க்கோன். இவற்றுக்காகத்தான் அங்கே தொழிற்சாலை நடக்கிறது. மிகச் சிறிய அளவில் மொனசைட் என்றொரு கனிமமும் அதற்குள் கலந்திருக்கிறது. மொனசைட்டுக்குள் தோரியம் இருக்கிறது.

தோரியம்-232 இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதில் பாதி சிதைந்து முடிய எடுக்கும் காலம், ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடிதான். பூமி உருவானபோது இங்கே வந்து சேர்ந்த தோரியத்தில் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் சிதையாமல் கிடக்கிறது. இவ்வளவு நிதானமான ஓர் அணுக்கரு எப்படிப் பிறந்தது என்று தேடிப் போனால், கண் ஒருமுறை இமைத்து முடிவதற்குள் பிறந்து சிதைந்துவிடும் கருக்களிடம் போய் நிற்போம். அவற்றின் வழியாகத்தான் தோரியம் பிறந்தது. அந்தக் கருக்கள் இன்று பூமியில் இயற்கையாக எங்கும் கிடையாது. அவற்றைச் செய்து, இருக்கும் கணத்துக்குள் அளந்துவிட வேண்டும். என் கலாநிதிப் பட்ட ஆய்வின் ஆறு வருடங்கள் அந்த வேலையில்தான் போயின.

ஒருமுறை விடுமுறைக்கு வந்திருந்தபோது பக்கத்து வீட்டு மாமி கேட்டார்: "பிள்ளை, நீ அணுகுண்டு செய்யவோ படிக்கிறாய்?" அணுக்கரு என்றதும் ஹிரோஷிமாவும் செர்னோபிலும் நினைவுக்கு வருவது இயல்பு. அவர் உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார். அன்று வாசற்படியில் இருந்து அவருக்குச் சொன்னதை இங்கே இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

உயர்தரப் பௌதிகவியலில் கருவைப் பற்றிக் கொஞ்சம் படித்திருப்போம். புரோத்தனும் நியூத்திரனும் சேர்ந்தது கரு. புரோத்தன் எண்ணிக்கை மூலகத்தைத் தீர்மானிக்கும், நியூத்திரன் எண்ணிக்கை மாறினால் அதே மூலகத்தின் வேறு சமதானி. சரி, இப்போது ஒரு கட்டத்தாளில் நியூத்திரன் எண்ணிக்கையைக் கிடையாகவும் புரோத்தன் எண்ணிக்கையை நெடுக்காகவும் வைத்து, கருவுக்கு ஒரு கட்டம் என்று நிரப்பிப் பாருங்கள். சிதையாமல் நிலைத்திருக்கும் கருக்கள் 250 சொச்சம். அவை நடுவே ஒடுங்கிய ஒரு கோடாக ஓடும். ஆய்வுகூடங்களில் இதுவரை அடையாளம் கண்ட எல்லாவற்றையும் சேர்த்தால் 3,300ஐத் தாண்டும். கோட்பாட்டுக் கணக்குகளோ ஏறத்தாழ 7,000 கருக்கள் உருவாக இடமுண்டு என்கின்றன. அதாவது பாதிக்கு மேற்பட்ட கட்டங்கள் இன்னும் வெறுமை.

நடுக்கோட்டில் இருந்து தூர விலகி, நியூத்திரனோ புரோத்தனோ அளவுக்கு மீறிச் சேர்ந்திருப்பவற்றைத்தான் விந்தைக் கருக்கள் என்கிறோம். விலகிக்கொண்டே போனால் ஓர் எல்லை வரும். அங்கே இன்னொரு நியூத்திரனைச் சேர்த்தால் அது ஒட்டாது, நிரம்பிய குடத்தில் விட்ட தண்ணீர் போல வெளியே சொட்டிவிடும். அதனால் அதற்குச் சொட்டுக்கோடு என்று பெயர். நியூத்திரன் பக்கத்துச் சொட்டுக்கோடு எங்கே என்று பரிசோதனையில் உறுதியாகத் தெரிந்திருப்பது பத்தாவது மூலகமான நியோன் வரைக்கும்தான். அதுவும் 2019ல்தான் உறுதியானது. மூலகங்கள் 118 இருக்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால், இந்தத் துறை எவ்வளவு தொடக்க நிலையில் இருக்கிறது என்பது புரியும்.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒன்று. நம் பாடப்புத்தகத்தில் உள்ள கருவின் விதிகள் எல்லாம் அந்த நடுக்கோட்டையும் அதன் அக்கம்பக்கத்தையும் பார்த்து எழுதியவை. கையில் கிடைத்த கருக்கள் அவைதான் என்பதால் அப்படி. கோட்டை விட்டு வெளியே போனதும் அந்த விதிகள் ஒவ்வொன்றாக ஆட்டங்காண ஆரம்பித்தன.

முதலில் அளவு. கருவின் ஆரை, அதில் உள்ள துணிக்கைகளின் எண்ணிக்கையின் கனமூலத்துக்கு ஏற்பக் கூடும் என்பது பழைய விதி. 1985ல் ஐசாவோ தனிஹாட்டாவும் குழுவினரும் அமெரிக்காவின் பேர்க்லியில் இலித்தியத்தின் சமதானிகளை ஒவ்வொன்றாக ஒரு மென்தகட்டின் மீது பாய்ச்சிப் பார்த்தார்கள். எண்ணியது எளிமையான ஒன்றைத்தான்: பாய்ந்தவற்றில் எத்தனை தகட்டில் உள்ள கருக்களோடு மோதின, எத்தனை மோதாமல் கடந்தன. பெரிய கரு என்றால் அதிகம் மோதும். இலித்தியம்-9 வரைக்கும் கணக்குச் சரியாக வந்தது. இலித்தியம்-11 வந்தபோது அளவு திடீரென்று பாய்ந்து கூடியிருந்தது.

இலித்தியம்-11இல் 3 புரோத்தன், 8 நியூத்திரன். அதன் வெளி நியூத்திரன்கள் இரண்டும் உலவும் பரப்பு, 208 துணிக்கைகள் கொண்ட ஈயம்-208 இன் பருமனுக்குக் கிட்ட வருகிறது. வெறும் 11 துணிக்கைகள் அந்த இடத்தை எப்படி நிரப்பின? இரண்டு வருடம் கழித்து ஹான்சனும் ஜோன்சனும் அதற்கு விளக்கம் தந்தார்கள். சாதாரணக் கருவில் இருந்து ஒரு நியூத்திரனைப் பிய்த்தெடுக்க 6 முதல் 8 மெகா இலத்திரன்வோல்ட் சக்தி வேண்டும். இலித்தியம்-11இல் அந்தக் கடைசி இரண்டையும் சேர்த்துப் பிரிக்கவே ஏறத்தாழ 0.37 போதும். இவ்வளவு தளர்வாகக் கட்டியிருந்தால், குவாண்டம் விதிப்படி அவை கருவின் விசை எட்டாத வெளியிலும் பெரும்பாலான நேரம் இருக்க முடியும். நடுவில் இறுக்கமான இலித்தியம்-9, சுற்றிலும் மென்மையான நியூத்திரன் மூட்டம். நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல என்று சொல்லலாம். ஆய்வாளர்கள் இதை ஒளிவட்டக் கரு என்கிறார்கள்.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. இலித்தியம்-9 உடன் ஒரேயொரு நியூத்திரனைச் சேர்த்தால் அது நிற்காது, இலித்தியம்-10 கட்டுண்ட கரு கிடையாது. இரண்டு நியூத்திரன்கள் தனியே சேர்ந்தாலும் நிற்காது. ஆனால் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் நிற்கிறது. அடுப்புக் கல் மூன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லை எடுத்தால் பானை சரிந்துவிடும். முதன்முதலில் இதைப் படித்தபோது, அம்மம்மாவின் குசினியில் இருந்த அடுப்புத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அடுத்து மாய எண்கள். 2, 8, 20, 28, 50, 82, 126. புரோத்தனோ நியூத்திரனோ இந்த எண்ணிக்கையில் இருந்தால் கரு மிக உறுதியாக இருக்கும், ஓடு நிரம்பிய மாதிரி. இதை விளக்கியதற்காக மரியா கெப்பர்ட் மேயருக்கும் ஹான்ஸ் ஜென்சனுக்கும் 1963ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த எண்கள் கல்வெட்டுப் போல நிலையானவை என்றே நெடுநாள் நம்பிக்கை. 1975ல் ஜெனீவாவுக்கு அருகே உள்ள ஐரோப்பிய ஆய்வுகூடமான சேர்னில் ஒரு பிரெஞ்சுக் குழு, சோடியத்தின் நியூத்திரன் மிகுந்த சமதானிகளின் திணிவை அளந்தபோது 20 என்ற எண்ணுக்கருகே கணக்குப் பிழைத்தது. ஓடு நிரம்பிய இடத்தில் இருக்க வேண்டிய உருண்டைக் கருக்கள், நீண்டு உருமாறியவையாக இருந்தன. பிறகு வேறிடங்களில் புது மாய எண்கள் முளைத்தன. ஒட்சிசனின் நியூத்திரன் மிகுந்த பக்கத்தில் 16, கல்சியத்தில் 34.

ஒட்சிசன் கதையை மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். நாம் மூச்சில் இழுக்கும் ஒட்சிசனில் பெரும்பாலும் 8 புரோத்தன், 8 நியூத்திரன். நியூத்திரனைக் கூட்டிக்கொண்டே போனால் ஒட்சிசன்-24 வரைக்கும் நிற்கும், அதோடு சரி. ஒரேயொரு புரோத்தனைக் கூட்டிப் புளோரீன் ஆக்கினால், மேலும் ஆறு நியூத்திரன்கள் ஒட்டிக்கொண்டு புளோரீன்-31 வரைக்கும் போகிறது. ஒரு புரோத்தன் ஆறு நியூத்திரன்களை எப்படிப் பிடித்து வைத்தது? இதைச் சரியாகக் கணக்கிட, மூன்று துணிக்கைகள் ஒரே நேரத்தில் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசையையும் சேர்க்க வேண்டும் என்று கோட்பாட்டாளர்கள் கண்டார்கள். அப்புறம் எல்லோரும் ஒட்சிசன்-28ஐத் தேடினார்கள். 8 புரோத்தன், 20 நியூத்திரன், இரண்டுமே மாய எண்கள். பாடப்புத்தகத்தின்படி இரட்டை உறுதி. 2023ல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வுகூடத்தில் ஒருவழியாக அதைக் கண்டார்கள். புளோரீன்-29ஐத் திரவ ஐதரசன் இலக்கில் மோதி, ஒரு புரோத்தனைத் தட்டி வெளியேற்றிச் செய்தார்கள். அது கட்டுண்டு நிற்கவே இல்லை. உருவான கையோடு நான்கு நியூத்திரன்களை உதறிவிட்டு ஒட்சிசன்-24 ஆகிவிட்டது. மின்னேற்றம் இல்லாத நான்கு நியூத்திரன்களையும் ஒன்றாகப் பிடித்து அளந்து இதைச் சொன்னதுதான் அந்தப் பரிசோதனையின் பெரிய சாதனை.

இந்தக் கருக்களை எப்படிச் செய்கிறார்கள்? இரண்டு வழி. ஒன்று, தடித்த இலக்கை விரைவான புரோத்தன்களால் அடித்து நொறுக்கி, சூடாக்கி, வெளியே கசிந்து வருபவற்றை அயனாக்கிப் பிரித்தெடுப்பது. சேர்னில் 1967 முதல் இயங்கும் ஐசோல்டே இந்த வழி. கற்றை தூய்மையாக வரும், ஆனால் கசிந்து வரும் நேரத்துக்குள் சில கருக்கள் சிதைந்துவிடும். மற்றது, ஒரு கனத்த கருவையே ஒளி வேகத்தின் பெரும்பங்குக்கு விரட்டி, பெரிலியம் போன்ற மெல்லிய தகட்டில் மோதவிட்டு உடைப்பது. ரிக்கெனில் யுரேனியத்தை ஒளி வேகத்தின் ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு விரட்டுகிறார்கள். அங்குள்ள மீகடத்தி வளைய ஆர்முடுக்கியின் எடை மட்டும் 8,300 தொன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2022ல் திறந்த ஃப்ரிப், ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள ஜிஎஸ்ஐ ஆகியனவும் இந்த வழிதான்.

உடைந்த துண்டுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பாயும். இனித்தான் தெரிவு. கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். மணிக்கணக்காக இழுத்து வலை கரைக்கு வந்தால் சூடையும் காரலும் குவியும், தேடியது அந்தக் குவியலில் ஒன்றிரண்டு இருந்தால் உண்டு. இங்கே குவியலைப் பிரிப்பது காந்தங்கள். உந்தத்துக்கும் மின்னேற்றத்துக்கும் ஏற்ப ஒவ்வொரு துண்டும் வேறு வேறு அளவில் வளையும். இரண்டு இடங்களுக்கு இடையே பறக்க எடுத்த நேரத்தை அளப்போம். மெல்லிய உணரிக்குள் எவ்வளவு சக்தியை இழந்தது என்றும் அளப்போம். இந்த மூன்றும் சேர்ந்தால் வந்தது எந்தக் கரு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிவிடலாம். இலித்தியம்-11இன் அரைவாழ்வு ஏறத்தாழ 8.75 மில்லிசெக்கன். கண் இமைக்கும் நேரத்துக்குள் அது பத்துத் தடவைக்கு மேல் பாதியாகிவிடும். ஆனால் ஒளியின் பாதி வேகத்துக்கு மேல் பறக்கும் கருவுக்கு நூறு மீற்றர் தாண்ட ஒரு மைக்ரோசெக்கன் கூட வேண்டாம். எங்களுக்கு 8 மில்லிசெக்கன் தாராளமான நேரம்.

மாணவர் ஒருவரின் ஆறு வருடம் இதில் எப்படிப் போகிறது என்றால், கற்றை ஓடும் நாட்கள் மிகக் கொஞ்சம். முதலில் ஒரு கேள்வியைத் தெரிந்து, எத்தனை நாள் கற்றை வேண்டும், எத்தனை கரு கிடைக்கும் என்று கணக்கிட்டு விண்ணப்பம் எழுத வேண்டும். உலகெங்குமிருந்து வரும் விண்ணப்பங்களை ஒரு குழு சலித்தெடுக்கும். அனுமதி கிடைத்தாலும் முறை வர ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகலாம். அந்த இடைவெளியில் உணரிகளைப் பொருத்துவது, வயர் இழுப்பது, மென்பொருள் எழுதுவது. எங்கள் குழுவுக்குக் கிடைத்தது ஐந்து நாள். இரண்டாம் நாள் இரவு ஆர்முடுக்கி நின்றுபோய்ப் பதினான்கு மணித்தியாலம் கைவிட்டுப் போனது. நான் அன்று அழுதேன். பிறகு மிச்ச நாட்களில் மணிக்கு இரண்டோ மூன்றோ என்று எங்கள் கரு வந்தது. அந்தத் தரவை வைத்து ஒரு அரைவாழ்வையும், அதன் வழுவரம்பையும் சொல்ல எனக்கு மேலும் இரண்டு வருடம் பிடித்தது. ஓர் எண், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு இன்னோர் எண். ஆய்வேட்டின் சாரம் அதுதான்.

இரவு வேலைமுறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்று எப்போதும் தெரியும். காமாக் கதிர்களின் சக்தியைப் பிரித்துக் காட்டும் ஜேர்மானியம் உணரிகள், மறை 196 பாகை செல்சியஸில் உள்ள திரவ நைதரசனால் குளிர்த்தப்பட்டுக் காத்திருக்கும். கற்றை இல்லாத நேரத்திலும் அவற்றில் இரண்டு கூர்முனைகள் மெல்ல மெல்ல எழும். 1,460.8 கிலோ இலத்திரன்வோல்ட்டில் உள்ளது பொற்றாசியம்-40. 2,614.5 இல் உள்ளது தாலியம்-208. இரண்டாவது, தோரியத்தின் பேரப்பிள்ளை. கொங்கிறீட்டுச் சுவரில், நிலத்தில், எங்கும் சிறிதளவு உள்ள தோரியம்-232, ஆறு அல்பாச் சிதைவும் நான்கு பீட்டாச் சிதைவும் கடந்து ஈயம்-208 ஆகிறது. அந்த வழியின் கடைசிப் படிகளில் ஒன்றுதான் தாலியம்-208. எந்த நாட்டு ஆய்வுகூடத்துக்குப் போனாலும் உணரியை அளவுதிருத்த இந்த முனையைப் பயன்படுத்துவோம். முதல் தடவை அதை அடையாளம் காட்டியபோது, எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடற்கரை மணலிலும் இதே கோடு எழும் என்று என் கூட வேலை செய்தவர்களிடம் சொன்னேன்.

இலங்கைக்கும் தோரியத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் பழையது. 1904ல் இங்கே கனிமவியல் அளவைக்குப் பொறுப்பாக இருந்தவர், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் கலை வரலாற்றறிஞராக உலகமறிந்த அதே குமாரசுவாமிதான். சப்பிரகமுவப் பக்கத்தில் கிடைத்த பாரமான கறுப்புக் கனிமம் ஒன்றை அவர் இலண்டனுக்கு அனுப்பினார். புதுக் கனிமம் என்று உறுதியாகி, தோரியனைட் என்று பெயர் பெற்றது. அடுத்த வருடம் இலண்டனில் இரசாயனவியலாளர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஓட்டோ ஹான் என்ற இளைஞர் இலங்கைத் தோரியனைட்டில் வேலை செய்தபோது ஒரு புதுக் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டார். இன்று அதைத் தோரியம்-228 என்கிறோம். அதுவும் புல்மோட்டை மணலில் நடக்கும் அதே சிதைவுத் தொடரின் ஒரு படி. 1938ல் கருப்பிளவைக் கண்டுபிடித்த ஹான் இவர்தான். நம் பாடசாலைகளில் இதை ஏன் சொல்லித் தருவதில்லை என்று எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு.

இங்கிருந்து இந்தத் துறைக்குப் போக முடியுமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். இலங்கையில் இந்த வகை ஆர்முடுக்கி கிடையாது. பரிசோதனைக்கு வெளியே போகத்தான் வேண்டும். ஆனால் காசு கட்டிப் படிக்க வேண்டும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது, அது பெரும்பாலும் தேவையற்றது. அமெரிக்காவில் பௌதிகவியல் கலாநிதி மாணவர்களுக்குக் கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் வேலை கொடுத்து, கட்டணத்தைத் தள்ளிச் சம்பளமும் தருவது வழமை. ஜேர்மனியில் மாணவர் ஒப்பந்த ஊழியர் போல. பக்கத்தில் இந்தியாவிலும் கொல்கத்தா, டெல்லி, மும்பை ஆகிய இடங்களில் கரு ஆய்வுக்கான ஆர்முடுக்கிகள் உண்டு. தரவைப் பகுத்துப் பார்க்கச் சேர்ன் வெளியிடும் ரூட், துணிக்கைகளின் பாதையைப் பாவனை செய்யும் ஜியண்ட்4 ஆகிய மென்பொருள்கள் இலவசம். ஒரு சாதாரண மடிக்கணினியில் இன்று இரவே நிறுவலாம். இவற்றில் கை பழகிய மாணவர் எங்கே போனாலும் முதல் மாதத்திலேயே பயன்படுவார். நான் பழகாமல் போய் முதல் வருடம் திண்டாடினேன்.

இனித் தோரியத்தின் பிறப்புக்கு வருவோம். இரும்பை விடக் கனத்த மூலகங்களில் ஏறத்தாழப் பாதி, நியூத்திரன்கள் வெள்ளமாக நிறைந்த இடத்தில், சில செக்கன்களுக்குள் உண்டாகின்றன. ஒரு கரு சிதைய நேரம் கொடுக்காமல் நியூத்திரனுக்கு மேல் நியூத்திரன் வந்து ஏறும். கரு நமது வரைபடத்தின் வெறுமையான ஓரத்துக்குத் தள்ளப்படும், அங்கே பீட்டாச் சிதைவு நடந்து, அதாவது ஒரு நியூத்திரன் புரோத்தனாக மாறி, ஒரு மூலகம் மேலேறும், திரும்பவும் நியூத்திரன் ஏறும். 2017 ஓகஸ்ட் 17ல் இரண்டு நியூத்திரன் விண்மீன்கள் மோதியதை ஈர்ப்பலைக் கருவிகளும் தொலைநோக்கிகளும் சேர்ந்து கண்டபோது, அத்தகைய இடங்களில் ஒன்று எது என்பது தெளிவானது. கழுத்தில் போடும் தங்கத்தில் பெரும்பங்கு இந்த வழியில் வந்தது. தோரியமும் யுரேனியமும் முழுக்க இந்த வழியில் வந்தவை.

இந்த ஓட்டம் மாய எண்களில் போய்த் தடக்கும். 50, 82, 126 நியூத்திரன்கள் நிரம்பிய கருக்கள் இன்னொன்றை இலேசில் ஏற்கமாட்டா. பீட்டாச் சிதைவு நடக்கும்வரை ஓட்டம் அங்கே காத்துக் கிடக்கும். எவ்வளவு நேரம் காத்துக் கிடந்தது என்பதைப் பொறுத்து அந்த இடத்தில் எந்த மூலகம் எவ்வளவு சேரும் என்பது அமையும். அதனால்தான் ஓர் அரைவாழ்வுக்காக இத்தனை பேர் இத்தனை வருடம் செலவழிக்கிறோம். 2015ல் ரிக்கென் குழு 82க்கு அண்டிய 110 கருக்களின் அரைவாழ்வை ஒன்றாக வெளியிட்டது, அவற்றில் 40 முதன்முறையாக அளந்தவை. அந்த ஒரு தொகுதி, கனத்த மூலகங்களின் அளவு பற்றிய கணக்குகளை நன்றாகவே திருத்தியது.

126இல் நிலைமை வேறு. தோரியம் பிறக்க ஓட்டம் அந்த வாசலைக் கடந்தே ஆக வேண்டும். அந்த வாசலில் காத்திருந்த கருக்கள் ஈயத்தை விடப் பத்துக்கு மேல் புரோத்தன் குறைந்தவை. யுரேனியத்தை உடைத்தாலும் அவை மிக அரிதாகவே விழும். சிக்காகோவுக்கு அருகே உள்ள ஆர்கோன் ஆய்வுகூடத்தில், இரண்டு கனத்த கருக்களை மெல்ல உரசவிட்டு நியூத்திரன்களைக் கைமாற்றி இந்தப் பக்கத்தை எட்டுவதற்கென்றே ஒரு கருவித்தொகுதி அமைத்திருக்கிறார்கள். ஃப்ரிப் தன் கற்றையின் வலுவை 400 கிலோவாட் நோக்கிப் படிப்படியாகக் கூட்டி வருகிறது. டார்ம்ஸ்டாட்டில் இன்னும் பெரிய ஆர்முடுக்கி கட்டப்படுகிறது. புல்மோட்டைத் தோரியம் கடந்து வந்த அந்த வாசலின் கட்டங்களில் பெரும்பாலானவை இன்று வரை வெறுமையாகவே இருக்கின்றன.